மஞ்சள் கயிறும் கட்டம் போட்ட சட்டையும்

நாற்பத்தாறு பக்கம். வழவழப்பான தாள். அட்டையில் காவிரி, அதற்கு மேலே ஒரு வானவில். 'வானவில் விழா: பாதுகாப்புக் கையேடு' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். உணர்வுப் பாதுகாப்புக்கு அதில் ஒன்பது பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கழிப்பறைக்கு ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் பத்துப் பேரை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் பத்திரமாகக் கூட்டிப் போனதில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

தஞ்சாவூரில், நடுக்கம் வரும் அளவுக்குக் குளிரூட்டிய ஒரு ஹோட்டல் அறையில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள் செந்தாமரை. வயது நாற்பத்தைந்து. திருநங்கை. திருவையாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைக் கூட்டிப் போகிறவள். அவளை அங்கே கூப்பிட்டது யோசனை கேட்பதற்காக இல்லை. அழைப்பிதழில் 'உள்ளூர்ப் பிரதிநிதி' என்று ஒரு பெயர் வேண்டியிருந்தது.

பெற்றவர்களுக்கு அவள் ஐந்தாவது பிள்ளை. பதினாறு வயதில் புடவை கட்டிய குற்றத்துக்காக வீட்டை விட்டுத் துரத்தினார்கள். வடக்கே எங்கெங்கோ அலைந்தாள், அடிபட்டாள், கையேந்தினாள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு ஓடி வந்தபோது வாசலில் அண்ணன் நின்றான். "பொணத்த எடுத்தப்புறம் வா" என்றான். இந்த வார்த்தையைச் சொன்ன வாய் இன்றைக்கும் அதே ஊரில் மூன்று வேளையும் சோறு தின்றுகொண்டிருக்கிறது.

போக இடமில்லாமல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதவளை, நடவு முடிந்து வந்த பொன்னுத்தாய்தான் பார்த்தாள். பொன்னுத்தாய் கிழவியும் அல்ல, தெய்வமும் அல்ல. வாயைத் திறந்தால் வசவு கொட்டும், அப்போது நாற்பது வயதுக்காரி. "அழுதது போதும். நாளைக்கு நடவுக்கு ஆள் பத்தல, வா" என்றாள். மறுநாள் நிலத்துக்காரர் முகத்தைச் சுளித்தார். "இதுங்க கை வச்சா பயிர் வெளங்குமா?" என்று கேட்டார். "அப்ப நாங்களும் கை வக்கல. நீங்களே குனிஞ்சு நட்டுக்குங்க ஐயா" என்று பொன்னுத்தாய் கரையேறிவிட்டாள். பின்னாலேயே இருபது பேரும் ஏறினார்கள். அரை மணி நேரத்தில் ஐயாவின் சாஸ்திரம் கரைந்துபோயிற்று.

அப்போதெல்லாம் ஆட்களைக் கூட்டிப் போனவன் ஓர் ஆண்பிள்ளை. ஒரு மழை நாளில் இடி உறுமத் தொடங்கியபோது, "இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிட்டுப் போங்க" என்று அதட்டினான். அவன் மட்டும் மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தான். மின்னல் பொன்னுத்தாயின் தங்கையை எடுத்துக்கொண்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பொன்னுத்தாய் செந்தாமரையின் வீட்டு வாசலில் வந்து நின்று, "இனிமே நீ கூட்டிட்டுப் போடி" என்றாள்.

பதினெட்டு வருடமாக அவள்தான் கூட்டிப் போகிறாள். சட்டங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும். குட்டியானை வண்டியில் ஏறும்போது ஒரு முறை எண்ணுவாள், இறங்கும்போது ஒரு முறை. பத்து மணிக்குத் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்தாக வேண்டும். "கரையேறு!" என்று அவள் குரல் கொடுத்தால், கையிலிருக்கும் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு, ஜோடியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் நிற்கும் இடத்துக்கு ஓடி வந்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் வந்த பிறகு. இந்தப் பதினெட்டு வருடத்தில் எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் பாதுகாப்பு என்றால் என்ன என்று அன்று ஷைலஜா வகுப்பெடுத்தாள்.

ஷைலஜாவின் தாத்தாவுக்கு இந்தப் பக்கத்தில் நாற்பது வேலி நிலம் இருந்ததாம். அவளுக்கு மிச்சம் இருந்தது, வருடத்துக்கு ஒரு முறை வந்து காவிரியைப் பார்த்துக் கண்கலங்கும் பழக்கம் மட்டும்தான். பெங்களூரில் நிகழ்ச்சிகள் நடத்திக் கொடுக்கும் தொழில். பெண்ணை நேசிக்கும் பெண்கள், ஆணை நேசிக்கும் ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று ஊர் ஒளித்து வைத்த பிள்ளைகள் எல்லாரும் ஒரு நாளாவது தலைநிமிர்ந்து தெருவில் நடக்கும் விழா இது. பெரிய நகரங்களில் நடக்கிறது, டெல்டாவில் இல்லையே என்று அவள் உருகினாள். உருகியது உண்மையாகக்கூட இருக்கலாம். உருகுவதற்கு முன் கேமரா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டதும் உண்மைதான்.

"ஆடிப் பதினெட்டு அன்னைக்கு வச்சிருக்கோம். திருவையாறு பஸ் ஸ்டாண்ட்ல ஆரம்பிச்சு படித்துறைல முடியும். விஷுவலா ரொம்ப ரிச்சா இருக்கும்" என்றாள்.

செந்தாமரை கையைத் தூக்கினாள். "மேடம், ஆத்துல தண்ணி இரு கரையும் தொட்டுப் போகுது. படியில பாசி. யாரும் மூணாவது படிக்குக் கீழ எறங்கக் கூடாது, கயிறு கட்டிடணும்."

"நோட் பண்ணிக்கோங்க" என்றாள் ஷைலஜா, யாரிடம் என்று சொல்லாமல்.

"வெளியூருலேருந்து வர்ற பிள்ளைங்க யாரு கூட வருது, யாரு கூடத் திரும்புதுன்னு ஒரு சீட்டு வேணும். பொம்பளைங்களுக்கு ரெண்டு எடத்துல பாத்ரூம். கலாட்டா ஆச்சுன்னா ஒதுங்குறதுக்குக் கதவு தொறந்த வீடு ஒண்ணு. நான் ரெண்டு வீட்டுல கேட்டு வச்சிருக்கேன்."

"ஸோ ஸ்வீட், அக்கா."

அடுத்துத்தான் அந்த அபாரமான யோசனை வந்தது. நடப்பவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள். முகம் பத்திரிகையில் வந்தால் வேலை போகும், சிலருக்கு உயிரே போகும். ஆகவே, படம் எடுக்கக் கூடாதவர்களுக்கு ஓர் அடையாளம். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. "காவேரிப் பொண்ணுங்க கட்டிக்கிற கயிறு. எவ்வளவு பொயட்டிக் இல்ல?" என்றாள் ஷைலஜா. அறை கைதட்டியது.

செந்தாமரை கைதட்டவில்லை. "மேடம், அன்னைக்கு ஆடிப் பதினெட்டு."

"தெரியுமே. அதனாலதான் மஞ்சள் கயிறு."

"அன்னைக்கு ஆத்தங்கரைக்கு வர்ற அத்தன பேரும் மஞ்சக் கயிறு கட்டியிருப்பாங்க மேடம். பொம்பளைங்க கழுத்துல, ஆம்பளைங்க பிள்ளைங்க கையில. கட்டாதவங்களுக்கு யாராச்சும் கூப்புட்டுக் கட்டி விடுவாங்க. யாரு நம்ம ஆளு, யாரு ஊரு ஆளுன்னு எப்படிங்க தெரியும்?"

போட்டோக்காரன் வெங்கி, ஷைலஜாவோடு பெங்களூரிலிருந்து வந்தவன், கொட்டாவியை விழுங்கினான். "நாங்க ப்ரொஃபஷனல்ஸ்க்கா. பாத்துக்குவோம்."

"ரிப்பன் கட்டலாமே. ஊதாக் கலர்ல..."

"ஊதா ஆத்தோட மேட்ச் ஆகாது" என்றாள் ஷைலஜா. அத்துடன் அந்த விவாதம் முடிந்தது. ஆற்றின் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்பதற்காக எத்தனை பேரின் வாழ்க்கை பணயம் வைக்கப்பட்டது என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் புரிந்தது.

அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது கனிமொழியின் முகம்.

கனிமொழி திருவாரூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தொன்பது வயது. தன்னோடு படித்த ஒருத்தியை ஒன்பது வருடமாக நேசித்துக்கொண்டிருப்பவள். அந்தப் பெண்ணின் வீட்டார் விஷயத்தைக் கண்டுபிடித்து அவளை வெளிநாட்டு மாப்பிள்ளையிடம் தள்ளிவிட்டார்கள். இவளுக்கும் வரன் பார்க்கிறார்கள். ஒரு மழைக்காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் யாரோ கேலி செய்தபோது செந்தாமரைதான் குறுக்கே நின்றாள். அன்றிலிருந்து அக்கா.

"நானும் நடக்கட்டுமாக்கா? ஒரே ஒரு நாள். ஆனா என் மூஞ்சி வெளிய வந்துச்சுன்னா ஸ்கூல்ல தூக்கிருவாங்க. அப்பா அடுத்த வாரமே கல்யாணம் பண்ணி வச்சிருவாரு" என்று கேட்டிருந்தாள்.

"உன் மூஞ்சி வெளிய வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்று செந்தாமரை வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த வாக்கை நாற்பத்தாறு பக்கக் கையேட்டிடம் ஒப்படைக்க அவள் பைத்தியக்காரி இல்லை. அன்று மாலையே பொன்னுத்தாயிடம் போனாள்.

"ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் என்கூட வரணும். நடவு உடுப்புல."

நடவு உடுப்பு என்றால் புடவைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையையும் பாதி முகத்தையும் சுற்றிய துண்டு. வெயிலுக்கும் நெற்பயிரின் சுணைக்கும் அதுதான் காப்பு. அந்த வேஷத்தில் முப்பது பேர் வரப்பில் வந்தால் பெற்ற பிள்ளைக்கே அம்மா எவள் என்று தெரியாது.

"ஏண்டி தாமர, வருசத்துல ஒரு நாள் பட்டுப் பொடவ எடுத்துக் கட்டுறோம். அன்னைக்குக்கூட இந்த நாத்தச் சட்டையா?" என்று பொன்னுத்தாய் பாய்ந்தாள். செந்தாமரை விஷயத்தைச் சொன்னாள். பொன்னுத்தாய், "பொண்ணும் பொண்ணும் எப்படிடி... சரி, எனக்கு எதுக்கு அது. அந்தப் பிள்ளைக்குச் சட்டை இருக்கா, நான் கொண்டாரவா?" என்றாள்.

ஆடிப் பதினெட்டு வந்தது. கரை கொள்ளாத தண்ணீர், கரை கொள்ளாத ஜனம். காதோலை கருகமணி, காப்பரிசி, முளைப்பாரி, புதுத் தாலிக் கயிறு மாற்றும் தம்பதிகள். திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சள் கயிறு. போலீஸ்காரர் ஒருவர் கையில்கூட இருந்தது. வண்டியிலிருந்து இறங்கிய பெண்களைச் செந்தாமரை எண்ணினாள். முப்பத்தொன்று. அத்தனை பேரும் சட்டை, துண்டு. ஊரே பட்டில் ஜொலித்த நாளில் அவர்கள் மட்டும் சேற்றிலிருந்து எழுந்து வந்தவர்கள்போல நின்றார்கள். எந்தப் பட்டுக்கு இந்த மினுமினுப்பு உண்டு?

கனிமொழி பச்சைப் புடவையில் வந்தாள். மணிக்கட்டில் கயிறு.

"இந்தச் சட்டையப் போட்டுக்க" என்றாள் செந்தாமரை.

கனிமொழி சட்டையை வாங்கவில்லை. "அக்கா, கயிறு கட்டியிருக்கேனே. எடுக்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்காங்க. ஒரு நாளாச்சும் நான் நானா நடக்குறேனே?"

பதினாறு வயதில் இதே கெஞ்சலை ஊரிடம் கெஞ்சியவள் அல்லவா செந்தாமரை? சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நட. ஆனா பொன்னுத்தாயோட ஜோடி. 'கரையேறு'ன்னா எங்க இருந்தாலும் என்கிட்ட வரணும்."

பறை முழங்கியது. ஊர்வலம் புறப்பட்டது. கனிமொழி நடந்தாள். முதலில் தரையைப் பார்த்து, பிறகு எதிரே பார்த்து, பிறகு வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள். அவளுக்கு முன்னால் சேரன் என்ற பையன், ஃபைனான்ஸ் கம்பெனியில் குமாஸ்தா, கண்ணீர் வழிய வழிய நடந்தான். அவன் மணிக்கட்டிலும் கயிறு. கடைவாசல்களில் மீசையை முறுக்கிக்கொண்டு சிலர் "காலம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே செல்போனில் படம் எடுத்தார்கள். கெட்டுப்போன காலத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் என்ன செய்வார்களோ!

இருநூறு அடிகூடப் போயிருக்க மாட்டார்கள். ஊர்வலத்தின் முகப்பில் வெங்கி கேமராவை இறக்குவதைச் செந்தாமரை பார்த்தாள்.

"ஷைலு, யாரைத்தான் எடுக்கறது? எல்லார் கையிலயும் கயிறு. இதோ, உன் கையிலயும் இருக்கு!"

ஷைலஜா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். படித்துறைக்குப் போய்த் திரும்பிய யாரோ ஒரு புண்ணியவதி ஆசையாகக் கட்டிவிட்டிருந்தாள். ஷைலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், சிரித்தாள். "ஓ காட்! அப்ப விடு. ப்ரெஸ் வேற வந்திருக்காங்க. எல்லாரையும் எடு."

இரண்டு வார்த்தை. நாற்பத்தாறு பக்கம் முடிந்தது. கயிற்றை நம்பி நடந்துகொண்டிருந்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேமரா திரும்பியது. அதன் பின்னால் இன்னும் நான்கு கேமராக்கள் திரும்பின.

"கரையேறு!"

பறைக்கு மேலே அந்தக் குரல் கேட்டது. திறந்த வயலில் இடிக்கு மேலே கேட்டுப் பழகிய குரல். முப்பத்தொரு பெண்களும் ஒரே நொடியில் திரும்பினார்கள். பொன்னுத்தாய் கனிமொழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். சுற்றிலும் சட்டைகள் சுவராக நின்றன. உள்ளே ஒருத்தி துண்டைச் சுற்றினாள், ஒருத்தி சட்டையின் கையை மாட்டினாள், பொன்னுத்தாய் பொத்தான் போட்டாள். "மூச்ச விடுடி, மூச்ச விடு. உன் மூஞ்சிய உன் ஆத்தாகூடக் கண்டுபிடிக்க மாட்டா." சுவர் கலைந்தபோது அங்கே முப்பத்திரண்டு நடவுக்காரிகள் நடந்துகொண்டிருந்தார்கள்.

வெங்கி வந்தான். கேமராவைத் தூக்கினான். முகத்தைச் சுளித்தான். "யாருங்க இந்த வயக்காட்டு ஆளுங்களக் கூட்டிட்டு வந்தது? ஃப்ரேமே கெடுது. ஓரமாப் போகச் சொல்லுங்க."

ஓரமாகவே போனார்கள். அவன் தாத்தாக்களும் இவர்கள் பாட்டிகளின் முகத்தை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. சேறு மிதித்தவள் எவளும் கண்ணில் படாதபடி பரம்பரையாகப் பழகிய அந்தக் கண்கள், அன்று ஒரு பெண்ணைத் தம்மை அறியாமலே காப்பாற்றின. அந்தப் புண்ணியம்கூட அவர்கள் தெரிந்து செய்தது அல்ல.

ஆனால் சேரன் முகப்பில் இருந்தான். அவன் யாருடைய ஜோடியும் அல்ல. அவனுக்கு 'கரையேறு' என்றால் என்ன என்றும் தெரியாது.

மதியம் செந்தாமரை நேராக ஷைலஜா தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனாள். "அந்தப் பையன் படத்த அழிச்சிருங்க மேடம். அவன் கயிறு கட்டியிருந்தான். உங்களத்தான் நம்புனான்."

ஷைலஜா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரை நிறையச் சேரனின் அழுத முகம். "அக்கா, பாருங்களேன். இந்தக் கண்ணீர்! இதுதான் இந்த விழாவோட முகம். ஆல்ரெடி எல்லாருக்கும் அனுப்பியாச்சு. எப்படியும் ஒரு நாள் வெளிய வந்துதானே ஆகணும்?"

"அது அவன் சொல்ல வேண்டியது."

"நீங்க எமோஷனலா இருக்கீங்க. கையேட்டுல முப்பதாவது பக்கம்..."

"மேடம்" என்றாள் செந்தாமரை. குரல் உயரவில்லை. "உங்க கையில இருக்குற அந்தக் கயித்த அவுத்துருங்க. அது ஆத்த நம்பிக் கட்டுறது. உங்க கைக்கு வேணாம்."

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கி வந்தாள். வரும் வழியிலேயே சேரனுக்குப் போன் செய்தாள். அவன் வீட்டுக்குப் படம் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா அவன் துணிகளைத் தெருவில் எறிந்துகொண்டிருந்தார். குட்டியானை வண்டி அந்தத் தெருவுக்குத் திரும்பியது. முப்பத்தொரு பெண்கள் இறங்கி ஒரு வார்த்தை பேசாமல் துணிகளைப் பொறுக்கினார்கள். பொன்னுத்தாய் மட்டும் பேசினாள். அப்பா கதவைச் சாத்திக்கொள்ளும்வரை பேசினாள். அவள் சொன்னவற்றை இங்கே அச்சில் போட முடியாது.

மறுநாள் காலை, பள்ளியில் கனிமொழி ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, தாளாளர் கல்யாணம் அன்றைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். ஒழுக்கத்தைப் பற்றி வாரம் ஒரு முறை பிரேயரில் அரை மணி நேரம் பேசுகிறவர்.

"பாத்தீங்களா டீச்சர், இந்தக் கூத்த! ஆடிப் பதினெட்டும் அதுவுமா! இதுங்க மூஞ்சியப் பாருங்க."

கனிமொழி பார்த்தாள். நடுவில் சேரன். பின்னால் குடையோடு ஷைலஜா. படத்தின் ஓரத்தில், வெட்டியும் வெட்டாமலும், துண்டு சுற்றிய ஒரு தலை, கட்டம் போட்ட சட்டையில் ஒரு தோள், அதற்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைப் புடவை. தாளாளரின் சுட்டுவிரல் சரியாக அந்தத் தோளின் மேல் வந்து நின்றது.

"பாவம், வயல்ல வேல பாக்குற ஜனங்களயும் பொய் சொல்லி இழுத்துட்டு வந்திருக்கானுங்க" என்றார் கல்யாணம். விரல் நகர்ந்தது. "நீங்க க்ளாஸுக்குப் போங்கம்மா. பத்தாம் வகுப்புக்கு இன்னைக்கு டெஸ்ட் இல்ல?"

இடைவேளையில், மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று அவள் போன் செய்தாள்.

"அக்கா, பேப்பர்ல நான் இருக்கேன். யாருக்கும் தெரியல. ஆனா இருக்கேன்."

"பாத்தேன். பொன்னுத்தாய் வெட்டி எடுத்து வச்சிருக்கா. அவ புருசன் சட்டை பேப்பர்ல வந்துருச்சாம், ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியிறா."

கனிமொழி சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. "சேரன் எங்கக்கா?"

"இங்கதான், என் வீட்டுல. ராத்திரி பூரா அழுதான். இப்ப மூணாவது தோசை திங்கிறான். வேல போச்சு. வேற பாப்போம்." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "உன்ன மட்டும் எண்ணுனேன். அவன எண்ணாம வுட்டுட்டேன். என் தப்பு."

"உங்க தப்பாக்கா?"

"அந்த மேடம் கூட்டத்துக்குத் தப்புன்னா என்னன்னே தெரியாது. நம்மதான் எண்ணியாகணும். அடுத்த வருசத்துக்கு எத்தன சட்டை வேணும்னு இப்பவே ஊர்ல கேட்டுக்கிட்டிருக்கேன். நூறாச்சும் வேணும்."

போனுக்குப் பின்னாலிருந்து, தோசை நிறைந்த வாயோடு ஒரு குரல் கேட்டது: "எனக்குக் கட்டம் போட்டது வேணாம்னு சொல்லுங்க. பூப் போட்டது."

"வாய மூடிக்கிட்டுத் தின்னுடா" என்றாள் செந்தாமரை.